உயிரியல் வகுப்பில் ஆதியாகமம்: அமெரிக்காவில் நூறாண்டாக நடக்கும் வழக்கு

2005ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற சிற்றூர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் பரிணாமம் பற்றிய பாடம் தொடங்கவிருந்தது. அதற்கு முன் மாணவர்களுக்கு ஓர் அறிக்கையை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது பள்ளி வாரியத்தின் உத்தரவு. நான்கு பத்திகள்தான், ஒரு நிமிடத்தில் வாசித்து முடித்துவிடலாம். டார்வினின் கொள்கை வெறும் கோட்பாடு, உறுதியான உண்மை இல்லை. அதில் ஓட்டைகள் இருக்கின்றன. உயிரின் தோற்றத்துக்கு 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று இன்னொரு விளக்கமும் உண்டு. விரும்பினால் அதைப் பற்றிய நூலைப் படித்துப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். அறிவியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க மறுத்துவிட்டார்கள். அறிவியல் இல்லாத ஒன்றை அறிவியல் என்று மாணவர்களிடம் சொல்வது தங்கள் தொழில்நெறிக்கு விரோதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்குள் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரில் பதினொரு பேர் வழக்குத் தொடுத்திருந்தார்கள். விசாரணை ஆறு வாரம் நடந்தது. ஒரு நிமிட அறிக்கைக்காக ஒரு நாடே ஏன் இவ்வளவு கொதித்தது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் திகைப்பாக இருக்கும். இதை 'அறிவியலுக்கும் மதத்துக்கும் இடையிலான சண்டை' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அந்த வரி என்னைப் பொறுத்தவரை தவறான வழியைக் காட்டுகிறது. இந்த வழக்குகளின் வரலாற்றைப் புரட்டினால் இரு தரப்பிலும் கிறிஸ்தவர்கள் நிற்கிறார்கள். வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் சொல்வதுபோல் கடவுளே உயிர்களை நேரடியாகப் படைத்தார் என்னும் படைப்புவாதத்துக்கு எதிராகப் பாதிரியார்களே வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். உண்மையில் அங்கே மோதிக்கொள்வது வேறு ஒரு கேள்வி: பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில், பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்கு? பெற்றோருக்கா, ஊருக்கா, துறை அறிஞர்களுக்கா, நீதிமன்றத்துக்கா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் நூறு ஆண்டுச் சிக்கலின் இழைகள் பிரிந்து தெரியும்.

பள்ளி நிர்வாகத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மற்றது எதுவும் புரியாது. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான பாடநூல் கிடையாது. மாநிலங்கள் பாடத்திட்டத்தின் வரையறைகளை வகுக்கின்றன. பள்ளிகளை நடத்துவது ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரியம். பெரும்பாலும் ஊர்மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளிச் செலவில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. 'என் வரிப்பணம், என் ஊர், என் பிள்ளை' என்ற உணர்வு அங்கே அவ்வளவு வலுவாக இருப்பதற்கு இதுவே காரணம். உயிரியல் படித்திராத ஒரு கடைக்காரரோ விவசாயியோ தேர்தலில் வென்று உயிரியல் பாடத்தைப் பற்றி முடிவெடுக்க முடியும்.

யார் இந்தப் பழமைவாதக் கிறிஸ்தவர்கள்?

ஒரே சபை, ஒரே குரல் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கதையில் அதிகம் வருபவர்கள் சுவிசேஷப் புராட்டஸ்டன்டுகள். வேதாகமமே இறுதி அதிகாரம், ஒவ்வொருவரும் தனிப்பட மனந்திரும்பி இரட்சிப்படைய வேண்டும், அந்த நற்செய்தியைப் பிறருக்கும் அறிவிக்க வேண்டும் என்பவை இவர்களின் நம்பிக்கையின் தூண்கள். இவர்களுக்குள்ளே இன்னும் இறுக்கமான பிரிவினர் அடிப்படைவாதிகள். இன்று வசைச்சொல்லாகிவிட்ட இந்தப் பெயர் அவர்களே பெருமையோடு சூட்டிக்கொண்டது. கலிபோர்னியாவின் எண்ணெய்த் தொழிலதிபர் லைமன் ஸ்டூவர்ட்டும் அவருடைய சகோதரரும் பணம் கொடுக்க, 1910 முதல் 1915 வரை பன்னிரண்டு தொகுதிகளாகக் கட்டுரைகள் வெளிவந்தன. கிறிஸ்தவத்தின் 'அடிப்படைகள்' எவை என்று விளக்கி, போதகர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் அவை இலவசமாக அனுப்பப்பட்டன. 1920இல் பாப்திஸ்து என்ற புராட்டஸ்டன்டு பிரிவைச் சேர்ந்த ஓர் இதழாசிரியர், இந்த அடிப்படைகளுக்காகப் போராடத் தயாராக இருப்பவர்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்.

அந்தத் தொகுதிகளில் எழுதியவர்களில் சிலர் பரிணாமத்துக்கு ஓரளவு இடம் கொடுத்தே எழுதினார்கள். அதற்கும் முன்பு, டார்வினின் கருத்தை அமெரிக்காவில் எடுத்துச் சொல்லி வாதாடிய முதன்மையான அறிஞர் ஆசா கிரே, ஹார்வர்டின் தாவரவியலாளர். ஆழ்ந்த பக்தியுள்ள கிறிஸ்தவர். வேதாகமத்தில் பிழையே கிடையாது என்ற கொள்கைக்கு இறையியல் வடிவம் கொடுத்த பிரின்ஸ்டனின் பி. பி. வார்ஃபீல்டும் பரிணாமத்துக்குக் கதவை அடைத்துவிடவில்லை. இயற்கையும் வேதமும் ஒரே கடவுள் எழுதிய இரண்டு நூல்கள், ஒன்றை மற்றது பொய்யாக்காது என்பது அன்றைய அமெரிக்கப் புராட்டஸ்டன்டுகளிடையே பரவலாக இருந்த நம்பிக்கை. இதன் தடத்தைத் தமிழர்களே அருகிலிருந்து பார்த்திருக்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஆன்மாவைத் தேடி வந்த மிஷன் உடற்கூறியலையும் கையோடு கொண்டுவந்தது. இரண்டுக்கும் இடையே பகை இருப்பதாக அவர் நினைத்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

பிறகு எங்கே முறிந்தது? ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலிருந்து பரவிய விவிலியத் திறனாய்வு ஒரு காரணம். மோசே எழுதியதாக நம்பப்பட்ட வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களைப் பல கைகள் பல காலங்களில் எழுதின என்று அறிஞர்கள் சொல்லத் தொடங்கியபோது, பக்தர்களின் காலடி மண் சரிந்தது. முதல் உலகப் போரின் கோரம் இன்னொரு காரணம். எல்லாவற்றையும் விட நேரடியான காரணம் உயர்நிலைப் பள்ளி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிற்றூர்களில் உயர்நிலைப் பள்ளிகள் வேகமாகப் பெருகின. அதுவரை பல்கலைக்கழகத்தில் சிலர் மட்டும் படித்த பரிணாமம், இப்போது விவசாயியின் மகன் வீட்டுக்குக் கொண்டுவரும் பாடநூலில் இருந்தது.

டேட்டன், ஜூலை 1925

டென்னசி மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் விவசாயியுமான ஜான் பட்லர் கொண்டுவந்த சட்டம் 1925 மார்ச்சில் கையெழுத்தானது. வேதாகமம் கூறும் படைப்பு வரலாற்றை மறுத்து, மனிதன் கீழான விலங்கிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளியில் கற்பித்தால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம். இதை எதிர்த்து வழக்காடத் தயாராக இருக்கும் ஆசிரியர் வேண்டும் என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் பத்திரிகையில் அறிவித்தது. டேட்டன் என்ற சின்ன ஊரின் பெரியமனிதர்கள் சிலர், ஊரின் மருந்துக் கடையில் உட்கார்ந்து, இந்த வழக்கை நம் ஊருக்கே கொண்டுவந்தால் பேரும் வியாபாரமும் பெருகுமே என்று பேசி முடிவுசெய்தார்கள். ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியரை அழைத்துக் கேட்டார்கள். அவர் கால்பந்துப் பயிற்சியாளர். உயிரியல் ஆசிரியர் வராதபோது சில நாள் அந்த வகுப்பைப் பார்த்துக்கொண்டவர். பரிணாமத்தைக் கற்பித்தோமா என்றே அவருக்கு உறுதியாக நினைவில்லை. ஆனாலும் சம்மதித்தார்.

அரசுத் தரப்பில் வந்து நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். 1896, 1900, 1908 என மூன்று முறை ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர். இவரை வெறும் மதவெறியராகச் சித்திரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏழை விவசாயிகளுக்காகவும், பெண்களின் வாக்குரிமைக்காகவும், பெரும் முதலாளிகளுக்கு எதிராகவும் வாழ்நாளெல்லாம் பேசியவர். நாடு போரை நோக்கிச் சாய்கிறது என்று 1915இல் வெளியுறவு அமைச்சர் பதவியையே துறந்தவர். வலியவன் எளியவனை அழிப்பதுதான் இயற்கையின் சட்டம் என்ற பாடம் பிள்ளைகளின் மனதில் பதிந்தால் இரக்கம் என்ன ஆகும் என்பது அவருடைய அச்சம்.

அந்த அச்சத்துக்கு ஆதாரம் வழக்குக்குரிய பாடநூலிலேயே இருந்தது. ஜார்ஜ் வில்லியம் ஹன்டர் எழுதிய அந்த உயிரியல் பாடநூல், மனித இனங்களை வரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் வைத்தது. மனநலம் குன்றியவர்களையும் குற்றவாளிக் குடும்பங்களையும் சமூகத்தின் ஒட்டுண்ணிகள் என்று எழுதியது. இது பரிணாம அறிவியலிலிருந்து பிறக்கும் முடிவு இல்லை. அறிவியலின் பெயரைப் போர்த்திக்கொண்ட சாதித் திமிர். ஆனால் அன்றைக்கு அதுவே பாடமாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1927இல், 'தகுதியற்றவர்களுக்கு' கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8–1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட அந்த ஒரே நீதிபதி பியர்ஸ் பட்லர், பழமைவாதக் கத்தோலிக்கர். அறிவியல் தரப்பு எப்போதும் மனித நேயத்தின் பக்கமே நின்றது என்று கதை சொல்பவர்கள் இந்த ஆண்டைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ. சிகாகோ வானொலி நிலையம் விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது. அமெரிக்காவில் ஒரு நீதிமன்ற விசாரணை அப்படி ஒலித்தது அதுவே முதல் முறை. அறிவியல் அறிஞர்களின் சாட்சியத்தை ஜூரிகள் கேட்க நீதிபதி அனுமதிக்காததால், டாரோ பிரையனையே வேதாகம வல்லுநராகச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார். வெக்கையும் கூட்டமும் தாங்காமல் நீதிமன்றமே வெளியே புல்வெளிக்கு வந்தது. யோனாவை மீன் விழுங்கியதா? யோசுவா சூரியனை நிறுத்தினாரா? காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள்? கேள்விகள் நீண்டன. படைப்பின் ஆறு நாட்கள் இருபத்துநான்கு மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று பிரையன் ஒப்புக்கொண்டார். இன்றைய படைப்புவாதிகள் பலரை விடவும் அவர் தளர்வான நிலையில் இருந்தார் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம். தீர்ப்பு வந்த ஐந்தாம் நாள் பிரையன் டேட்டனிலேயே இறந்துபோனார். 1927இல் மாநில உச்ச நீதிமன்றம், அபராதத்தை ஜூரி விதிக்காமல் நீதிபதி விதித்தது தவறு என்று கூறி அதை ரத்துசெய்தது. சட்டத்தை அப்படியே விட்டுவிட்டது. அது 1967 வரை நீடித்தது.

டேட்டனில் அறிவியல் வென்றது என்ற எண்ணம் பிற்பாடு பரவலாக வேரூன்றியது. நடந்தது நேர்மாறு. மிசிசிப்பியும் ஆர்கன்சாவும் இதேபோன்ற தடைகளைக் கொண்டுவந்தன. விற்பனை போய்விடுமே என்று பயந்த பதிப்பாளர்கள் பரிணாமம் என்ற சொல்லையே பாடநூல்களிலிருந்து உருவத் தொடங்கினார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பெரும்பாலான அமெரிக்கப் பள்ளிகளில் அந்தப் பாடம் மங்கிக்கிடந்தது.

பாப்திஸ்துகள் கேட்டு வாங்கிய சுவர்

1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக்கோளை விண்ணில் ஏவியது. பின்தங்கிவிட்டோம் என்ற பீதியில் அமெரிக்க அரசு அறிவியல் கல்விக்குப் பணத்தை வாரி இறைத்தது. அந்தப் பணத்தில் உயிரியலாளர்களே எழுதிய புதிய பாடநூல்கள் 1960களில் வந்தன. பரிணாமம் அவற்றின் நடுத்தூணாக நின்றது. அதே ஆண்டுகளில், 1962இலும் 1963இலும், அரசுப் பள்ளிகள் நடத்தும் ஜெபத்தையும் வேத வாசிப்பையும் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. பக்தியுள்ள ஒரு தாய் இதை எப்படிப் பார்த்திருப்பார்? பள்ளியிலிருந்து ஜெபம் வெளியே போனது. டார்வின் உள்ளே வந்தார். இரண்டையும் செய்தது தூரத்து வாஷிங்டன். அந்தக் காயத்தைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் வந்த அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது.

நீதிமன்றம் நின்ற இடம் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், 1791. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது. எவருடைய மத வழிபாட்டையும் தடுக்கவும் கூடாது. 1802இல் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் ஒரு கடிதத்தில் இதை 'சபைக்கும் அரசுக்கும் இடையிலான பிரிவினைச் சுவர்' என்று வருணித்தார். அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது தெரியுமா? கனெக்டிகட் மாநிலத்து டான்பரி பாப்திஸ்துகளுக்கு. அங்கே வேறொரு சபை அரசின் ஆதரவு பெற்றிருந்தது. சிறுபான்மையினரான பாப்திஸ்துகள், அரசு தங்கள் மனச்சாட்சிக்குள் கை வைக்கக் கூடாது என்று கேட்டார்கள். தெற்கு மாநிலங்களில் பாப்திஸ்துகள் பெரும்பான்மையான பிறகு அதே சுவர் பலருக்கு இடைஞ்சலாகத் தெரிந்தது. சிறுபான்மையாக இருந்தபோது கேட்ட பாதுகாப்பைப் பெரும்பான்மையாக ஆன பின்பும் மதிப்பது எந்தச் சமூகத்துக்கும் கடினமாகத்தான் இருக்கிறது.

இந்தச் சுவர் எதைத் தடுக்கிறது என்பதிலும் தெளிவு வேண்டும். வீட்டில், ஞாயிறு பள்ளியில், தனியார் கிறிஸ்தவப் பள்ளியில், ஆறு நாள் படைப்பைக் கற்பிக்க எந்தத் தடையும் இல்லை. அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர், அரசுப் பள்ளியில், அதை அறிவியல் என்று கற்பிப்பதுதான் சிக்கல்.

பெயர் மாறிக்கொண்டே வந்த கதை

இதன் பிறகு நடந்ததைக் கவனித்தால், ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் படைப்புவாதம் புதிய பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

1968இல் ஆர்கன்சாவின் தடைச்சட்டம் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. வழக்குத் தொடுத்த உயிரியல் ஆசிரியை சூசன் எப்பர்சன் ஒரு கிறிஸ்தவர். தடைசெய்ய முடியாவிட்டால் சமமாகக் கற்பிப்போம் என்று அடுத்த உத்தி பிறந்தது. இதற்குள் ஹென்றி மோரிஸ் என்ற நீரியல் பொறியாளர், நோவா காலத்துப் பெருவெள்ளமே பாறை அடுக்குகளையும் புதைபடிவங்களையும் உருவாக்கியது என்று வாதிட்டு, 'படைப்பு அறிவியல்' என்ற இயக்கத்துக்கு வடிவம் கொடுத்திருந்தார். பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள் என்ற கருத்து சுவிசேஷ சபையினரிடையே பெருவாரியாகப் பரவியது இந்தக் காலத்தில்தான். 1981இல் ஆர்கன்சா, பரிணாமத்துக்குச் சரிசமமாகப் படைப்பு அறிவியலையும் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. எதிர்த்து நீதிமன்றம் போனவர்களின் பட்டியலில் முதல் பெயர் ஒரு மெதடிஸ்ட் போதகருடையது. அவரோடு மெதடிஸ்ட், எபிஸ்கோபல், கத்தோலிக்க ஆயர்கள் நின்றார்கள். 1982 ஜனவரியில் நீதிபதி ஓவர்டன் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தார். லூசியானாவின் அதே வகைச் சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் 7–2 என்று தள்ளியது. நோபல் பரிசு பெற்ற 72 அறிஞர்கள் ஒன்றுசேர்ந்து அந்த வழக்கில் மனு கொடுத்திருந்தார்கள்.

அடுத்து வந்தது 'அறிவார்ந்த வடிவமைப்பு'. கடவுள் என்ற சொல் இதில் வராது. உயிரணுவின் சில இயந்திரங்கள் மிகவும் சிக்கலானவை, படிப்படியாக உருவாகியிருக்க முடியாது, எனவே ஏதோ ஓர் அறிவு அவற்றை வடிவமைத்திருக்க வேண்டும் என்பது வாதம். டோவர் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நூல் இந்த வகையைச் சேர்ந்தது. வழக்கு விசாரணையில் அந்த நூலின் பழைய வரைவுகள் வெளியே வந்தன. 1987 தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் 'படைப்பு' என்று இருந்த இடமெல்லாம் தீர்ப்புக்குப் பிந்தைய வரைவில் 'வடிவமைப்பு' ஆகியிருந்தது. ஓர் இடத்தில் மாற்றும்போது கை தவறி, பழைய சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்துகளும் புதிய சொல்லின் இரு ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு நின்றன. 'படைப்புவாதிகள்' என்ற சொல்லின் மேல் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்பதை ஒட்டியதன் தடயம். இவ்வளவு தெளிவான சாட்சியை மனிதச் சாட்சி எவரும் கொடுத்திருக்க முடியாது.

டோவர் வழக்கின் நீதிபதி ஜான் ஜோன்ஸ், குடியரசுக் கட்சிக்காரர், லூத்தரன் சபையைச் சேர்ந்தவர், அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். இரு தரப்பையும் கற்பிக்கலாமே என்று அந்த அதிபரே 2005 ஆகஸ்டில் கருத்துச் சொல்லியிருந்தார். டிசம்பர் 20 அன்று நீதிபதி 139 பக்கத் தீர்ப்பை அளித்தார்: அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, படைப்புவாதத்தின் மறுவடிவம்; அதை வகுப்பில் புகுத்தியது அரசியல் சாசனத்துக்கு விரோதம். தீர்ப்புக்கு முன்பே, நவம்பர்த் தேர்தலில், அந்தக் கொள்கையை ஆதரித்துப் போட்டியிட்ட எட்டு வாரிய உறுப்பினர்களையும் டோவர் மக்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊர் கட்ட வேண்டிவந்த வழக்குச் செலவு 10 லட்சம் டாலருக்குச் சற்று மேல். தீர்ப்பெழுதிய நீதிபதிக்கு மிரட்டல்கள் வந்து, குடும்பத்தோடு பாதுகாப்பில் இருக்க வேண்டியதாயிற்று.

'வெறும் கோட்பாடு' என்றால்?

டோவர் அறிக்கையின் முதுகெலும்பு ஒரு சொல்: 'தியரி'. ஆங்கிலப் பேச்சுவழக்கில் இந்தச் சொல் ஊகத்தையும் குறிக்கும். திருடியது யார் என்று ஒருவர் போடும் கணக்கும் 'தியரி'. ஐன்ஸ்டைனின் சார்பியலும் 'தியரி'. இந்த வழுக்கலில்தான் 'அது வெறும் தியரி' என்ற வாதம் நிற்கிறது. தமிழில் நமக்குக் கருதுகோள், கோட்பாடு என்று இரண்டு தனிச்சொற்கள் இருப்பது பெரிய வசதி. சோதிக்கப்படக் காத்திருப்பது கருதுகோள். பல கோணங்களிலும் சோதிக்கப்பட்டு, சிதறிக்கிடக்கும் உண்மைகளை ஒரே நூலில் கோத்து விளக்குவது கோட்பாடு. நோய்களுக்குக் கிருமி காரணம் என்பதும் கோட்பாடுதான்.

கோட்பாடு தன்னைத் தானே ஆபத்தில் நிறுத்தும் விதத்துக்கு டோவர் வழக்கிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சாட்சி சொன்னவர் கென்னத் மில்லர், உயிரியல் பேராசிரியர், பாடநூல் ஆசிரியர், கத்தோலிக்கர். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றின் உயிரணுவில், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 24 இணை. மனிதருக்கு 23. நமக்கும் அவற்றுக்கும் மூதாதை ஒருவரே என்றால் அந்த ஓர் இணை எங்கே போனது? முழுக் குரோமோசோம் ஒன்று காணாமல் போனால் உயிர் பிழைக்காது. எனவே இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் அடையாளம் இருக்க வேண்டும்: குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்கக்கூடிய தனித்தன்மையுள்ள வரிசை நடுவில் கிடக்க வேண்டும்; மையப் புள்ளிகளும் இரண்டாக இருந்த தடயம் வேண்டும். இல்லையென்றால் பொது மூதாதை என்ற கருத்துக்கே சிக்கல். தேடினார்கள். மனிதரின் இரண்டாம் குரோமோசோமில் அந்த ஒட்டுத் தழும்பு, எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த வடிவில் இருந்தது. சிக்கலானது என்பதால் யாரோ வடிவமைத்தார் என்று சொல்லும் விளக்கத்தால் இப்படி முன்கூட்டி எதையும் சொல்ல முடியாது. எது கிடைத்தாலும் அது பொருந்திவிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான், இவ்வளவு பெரியது.

இதைச் சொன்ன மில்லர் ஞாயிறுதோறும் திருப்பலிக்குச் செல்பவர் என்பதும் முக்கியம். கத்தோலிக்கத் திருச்சபை 1950லேயே உடலின் பரிணாமம் பற்றிய ஆய்வுக்குத் தடையில்லை என்றது. 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் இப்போது கருதுகோளுக்கும் மேலானது என்றார். மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ் சுவிசேஷக் கிறிஸ்தவர். இவர்களை வைத்துக்கொண்டு, 'இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு' என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மேடையேறி நாத்திகம் பேசும் சில அறிவியலாளர்களும் போதகர்கள் சிலரும் அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்.

வகுப்பறைக்கு வெளியே

இதே பிளவு மற்ற இடங்களிலும் ஓடுகிறது. 1979இல் ஜெரி ஃபால்வெல் தொடங்கிய 'தார்மீகப் பெரும்பான்மை' அமைப்பு சுவிசேஷ வாக்காளர்களைக் குடியரசுக் கட்சியோடு இறுகப் பிணைத்தது. அடுத்த ஆண்டு ரொனால்ட் ரீகன் டல்லஸ் நகரில் போதகர்கள் நிறைந்த கூட்டத்துக்கு வந்தபோது, பரிணாமம் ஒரு கோட்பாடு மட்டுமே என்றார். கருமுட்டையில் உயிர் எப்போது தொடங்குகிறது என்ற கேள்வி கருக்கலைப்புச் சட்டங்களையும் ஆய்வகங்களையும் சேர்த்தே தொட்டது. 2001 ஆகஸ்டில் புஷ், கருவிலிருந்து எடுக்கும் குருத்தணுக்களைக் கொண்டு நடக்கும் ஆய்வுக்கான அரசு நிதிக்குக் கட்டுப்பாடு விதித்தார். காலநிலை, தடுப்பூசி என்று வரும்போது வேதவசனத்தை விட, அரசையும் நிபுணரையும் நம்பலாமா என்ற சந்தேகமே பெரிதாக நிற்கிறது. அந்தச் சந்தேகத்தின் வேர் நூறாண்டு வகுப்பறைச் சண்டையிலும் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

மக்களின் மனம் மெதுவாகவே நகர்கிறது. மனிதரை இன்றைய உருவிலேயே கடவுள் கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் படைத்தார் என்று 1982இல் கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனத்திடம் சொன்னவர்கள் 44 விழுக்காடு; 2024இல் 37. இதை விட என்னை வாட்டும் எண் வேறொன்று. பெர்க்மன், புளுட்சர் என்ற இரு அரசியல் அறிஞர்கள் உயிரியல் ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. பரிணாமத்தைத் தயக்கமின்றிக் கற்பித்தவர்கள் 28 விழுக்காடு. படைப்புவாதத்தை வெளிப்படையாக ஆதரித்தவர்கள் 13. மீதமுள்ள ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வம்பு வேண்டாம் என்று பூசி மெழுகிக் கடந்தார்கள். எந்தத் தடைச்சட்டமும் இல்லாத காலத்தில், எந்த வழக்கிலும் பதிவாகாமல் நடக்கும் தடை இது. ஊர்க்கோயிலில் ஒன்றாக ஜெபிக்கும் பெற்றோரை நாளைக்குக் கடையில் பார்க்க வேண்டியவர்கள் இந்த ஆசிரியர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டத்தின் நிலமும் மாறிவருகிறது. டோவர் நீதிபதி பயன்படுத்திய அளவுகோல்களில் ஒன்று 1971இல் உருவானது: அரசின் செயலுக்கு மதம் சாராத நோக்கம் இருக்க வேண்டும், மதத்தை வளர்ப்பது அதன் முதன்மை விளைவாக இருக்கக் கூடாது, மதத்தோடு மிதமிஞ்சிப் பின்னிக்கொள்ளவும் கூடாது. விளையாட்டு முடிந்ததும் திடலில் ஜெபித்த ஒரு கால்பந்துப் பயிற்சியாளரின் வழக்கில், 2022இல், உச்ச நீதிமன்றம் 6–3 என்று அந்த அளவுகோலைக் கைவிட்டு, நாட்டின் வரலாற்று வழக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றது. லூசியானா 2024இலும் டெக்சஸ் 2025இலும், அரசுப் பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றின. அவை நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. 1968, 1987 தீர்ப்புகளை உச்ச நீதிமன்றம் ரத்துசெய்யவில்லை. ஆனால் அவற்றைத் தாங்கி நின்ற காலின் கீழ் மண் இளகியிருக்கிறது.

2024இல் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சட்டம் கையெழுத்தானது. அதன் முதல் வரைவில் அறிவார்ந்த வடிவமைப்பு என்ற பெயர் வெளிப்படையாக இருந்தது, பிறகு நீக்கப்பட்டது. பிரபஞ்சமும் உயிரும் எப்படித் தோன்றின என்பது பற்றிய அறிவியல் கோட்பாடுகளைக் குறித்து மாணவர்கள் கேட்டால், ஆசிரியர் பேசுவதையும் பதில் சொல்வதையும் தடுக்கக் கூடாது என்று மட்டும் இறுதி வடிவம் சொல்கிறது. எவை அறிவியல் கோட்பாடுகள் என்ற விளக்கம் அதில் இல்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர், மாணவன் கை உயர்த்தும் அந்த நொடியில் கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியர்.